குறுகலான துண்டுத்துணிகளில் ஸ்ட்ரிங் க்வில்ட்: அடியில் துணி வைப்பதா, காகிதமா, எதுவும் வேண்டாமா?

ஒரு விரல் அகலம், இரண்டு விரல் அகலம் என்று நீளநீளமாக மிஞ்சும் துணியைத் தூக்கிப் போட மனம் வராமல் பை பையாகச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு ஸ்ட்ரிங் க்வில்ட்டைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. க்வில்ட் என்பது துண்டுத்துணிகளை இணைத்த மேல்பகுதி, நடுவில் பஞ்சு விரிப்பு, பின்துணி என்று அடுக்கிச் சேர்த்துத் தைக்கும் போர்வை, அதன் மேல்பகுதியைக் குறுகலான பட்டைகளால் நிரப்புவதுதான் ஸ்ட்ரிங் க்வில்ட். அகலம் ஒன்றுபோல இருக்க வேண்டியதில்லை, ஓரம் நேராக இருக்க வேண்டியதில்லை, நிறம் பொருந்த வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு பட்டையின் மேல் இன்னொன்றைக் கவிழ்த்து வைத்து ஒரு தையல், விரித்துப் போட்டு ஒரு இஸ்திரி, அதன் மேல் அடுத்தது, இப்படியே போய்ச் சதுரம் நிரம்பியதும் ஓரத்தை வெட்டிச் சரிசெய்தால் ஒரு கட்டம் முடிந்தது. ஆனால் மெஷினில் உட்கார்வதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: இந்தப் பட்டைகளை எதன் மேல் வைத்துத் தைப்பது? அடியில் ஒரு துணியா, பிறகு கிழித்தெடுக்கும் காகிதமா, நெய்யாத கேன்வாஸா, நேரடியாகப் பஞ்சு விரிப்பின் மேலேயா, இல்லை அடியில் எதுவுமே இல்லாமலா? க்வில்ட்டின் எடை, மடிப்பு, எத்தனை நாள் உழைக்கும், கடைசியில் கையால் தைக்க முடியுமா முடியாதா, எல்லாம் இதில்தான் நிற்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருப்பது குட்டையும் நெட்டையுமாக, கோணல்மாணலாக, பல ரகத் துணியாக இருக்கிறதென்றால் அடியில் மெல்லிய பருத்தித் துணி வைப்பதுதான் சரி. காகிதம் செலவில்லாதது, லேசானது என்று பலரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். அதற்கும் ஒரு இடம் உண்டு, ஆனால் சொல்லப்படும் அளவுக்குப் பெரிய இடம் இல்லை. ஏன் என்று புரிய கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

பட்டைகளை இணைத்துத் தைக்கும்போது ஒவ்வொன்றின் இரண்டு பக்கமும் கால் கால் இன்ச் தையலுக்குள் போய்விடும். எந்த அகலமானாலும் அரை இன்ச் போனது போனதுதான். இரண்டரை இன்ச் பட்டையில் இரண்டு இன்ச் வெளியே தெரியும், ஐந்தில் ஒரு பங்குதான் நஷ்டம். ஒன்றரை இன்ச்சில் ஒரு இன்ச் மிஞ்சும். ஒரு இன்ச் பட்டையில் சரிபாதி போகும். முக்கால் இன்ச்சில் கால் இன்ச்தான் கண்ணுக்குத் தெரியும், மீதி மூன்றில் இரண்டு பங்கு துணி உள்ளே மடங்கிக் கிடக்கும். இதை ஒரு முழு க்வில்ட்டுக்குப் போட்டுப் பாருங்கள். 64க்கு 72 இன்ச், அதாவது ஒரு ஆள் தாராளமாகப் போர்த்திக்கொள்ளும் அளவு. 8 இன்ச் கட்டங்களாகப் பிரித்தால் அகலத்தில் 8, நீளத்தில் 9, மொத்தம் 72 கட்டம், தைத்து இணைப்பதற்கு முன் ஒவ்வொன்றும் 8½ இன்ச். பட்டைகளைச் சாய்வாக வைத்தால் மூலைக்கு மூலை 12 இன்ச் நிரப்ப வேண்டும். ஒன்றரை இன்ச் பட்டை என்றால் கட்டத்துக்கு ஏறக்குறைய 12, மொத்தம் 850க்கு மேல். எல்லாமே ஒரு இன்ச் பட்டைகள் என்றால் அது இரண்டு மடங்காகி 1,700ஐத் தாண்டிவிடும். துணியும் அப்படித்தான்: 44 இன்ச் அகலத் துணியில் முதலாவதுக்கு 4½ மீட்டருக்குச் சமமான துண்டுகள் வேண்டும், இரண்டாவதுக்கு 6 மீட்டர், ஓரம் வெட்டும்போது போகும் சேதாரம் தனி.

சரி, தையல் அதிகம், அவ்வளவுதானே என்று நினைத்தால், இல்லை. ஒரு கட்டத்தைப் பின்பக்கம் திருப்பாமல் விரலை மட்டும் வைத்துத் தடவிப் பாருங்கள். கவிழ்த்துத் தைத்து விரிக்கும் முறையில், பழைய பட்டையின் தையல் ஓரம், புதிய பட்டையின் தையல் ஓரம் இரண்டுமே புதிய பட்டைக்கு அடியில் போய்ப் படுக்கும். ஆக ஒவ்வொரு பட்டையிலும் தையலை ஒட்டிய கால் இன்ச் மூன்று அடுக்கு, அதற்கப்பால் ஒரே அடுக்கு. அகலமான பட்டையில் இது மெல்லிய மேடும் பெரிய சமவெளியுமாக இருக்கும், விரலுக்கு இதமாகக்கூட இருக்கும். முக்கால் இன்ச் பட்டையில் வெளியே தெரிவதே கால் இன்ச் என்பதால் சமவெளியே கிடையாது, எங்கே தொட்டாலும் மூன்று அடுக்கு. அப்படிப்பட்ட பட்டைகளாலேயே கட்டத்தை நிரப்பினால் அது துணியாகவே மடங்காது, அட்டை மாதிரி நிற்கும். இதில் அடித்துணியும் சேர்ந்தால் நான்கு. அதனால் முக்கால் இன்ச் பட்டைகளை எறிய வேண்டாம், ஆனால் ஒரு கட்டத்துக்கு ஒன்று அல்லது இரண்டு என்று, இரண்டு இன்ச் பட்டைகளுக்கு நடுவே கோடு போட்டதுபோல வையுங்கள். பார்க்கவும் அதுதான் அழகு. முக்கால் இன்ச்சுக்கும் கீழே போனவற்றை நான் இதில் சேர்ப்பதே இல்லை, தையல் கொஞ்சம் விலகினாலும் பிரிந்துவிடும். அவை தலையணைக்குள் அடைக்க உதவும்.

அடித்துணிக்கு வருவோம். மல் துணி, மெல்லிய காடா, எல்லாவற்றையும்விட நல்லது பலமுறை துவைத்து இளகிய பழைய பருத்தி பெட்ஷீட். 90க்கு 100 இன்ச் அளவுள்ள ஒரே விரிப்பில் 9 இன்ச் சதுரம் 110 வெட்டலாம், நைந்துபோன நடுப்பகுதியை ஒதுக்கிவிட்டாலும் மேலே சொன்ன 72 கட்டத்துக்குத் தாராளமாக வரும். 8½ வேண்டிய இடத்தில் ஏன் 9 என்றால், வரிசையாகத் தையல் விழ விழ அடித்துணி கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். முடிந்த பிறகு வெட்டிச் சரிசெய்ய இடம் இருக்கட்டும். புதுத் துணி என்றால் ஒருமுறை துவைத்துச் சுருங்கவிட்ட பிறகே வெட்டுங்கள், இல்லாவிட்டால் க்வில்ட் முடிந்து முதல் துவைப்பில் அது தனியாகச் சுருங்கி மேலே இருப்பதையெல்லாம் சேர்த்து இழுத்துவிடும்.

இதன் பெரிய பலம் பலரும் கவனிக்காத இடத்தில் இருக்கிறது. நெய்த துணியை இழை ஓடும் திசையில் வெட்டினால் ஓரம் நீளாது. கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டினால் ரப்பர்போல இழுபடும். பட்டைகளைச் சாய்வாக வைத்துச் சதுரமாக வெட்டும்போது கட்டத்தின் நான்கு ஓரமும் கிராஸ் ஓரங்களே. அடியில் இருக்கும் துணியை நேர் இழையில் வெட்டியிருந்தால், மேலே எத்தனை கிராஸ் இருந்தாலும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். கட்டத்தைத் தொங்கவிட்டாலும், கையில் எடுத்து வைத்தாலும், ஒரு மாதம் பெட்டியில் கிடந்தாலும் அளவு மாறாது. அப்புறம், பட்டைகளைக் கிராஸா நேரா என்று பார்த்து வெட்டும் தொல்லையே இல்லை. காலருக்கு வெட்டிய வளைவில் மிஞ்சியது, கைப்பகுதிக்கு வெட்டியதன் ஓரம், எதுவும் ஓடும். நைந்த சட்டைத் துணி, மெல்லிய வாயில் துணி, வழுக்கிக்கொண்டு போகும் ரேயான் போன்றவற்றுக்கும் அடியில் தாங்கல் கிடைத்துவிடுவதால் பையில் இருப்பதில் முக்கால்வாசி பயன்படும். காகிதம் வைத்துத் தைத்தால் காகிதம் போன பிறகு அந்த மெல்லிய துணி தனியாக நிற்க வேண்டும், அது எவ்வளவு காலம் நிற்கும்?

குறைகளும் இருக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை. எடை கூடும்: சதுர மீட்டருக்கு 120 கிராம் உள்ள விரிப்பு என்றால் இந்த அளவு க்வில்ட்டில் ஏறக்குறைய 400 கிராம். அதைவிட முக்கியம், கையால் க்வில்ட் தையல், அதாவது எல்லா அடுக்குகளையும் சேர்த்துப் பிடிக்கும் தையல் போட நினைப்பவர்களுக்கு இது கஷ்டம். தையல் ஓரங்கள் கூடும் இடத்தில் மேலே மூன்று, அடித்துணி ஒன்று, பஞ்சு, பின்துணி என்று ஊசி ஆறு அடுக்கைத் தாண்ட வேண்டும், சின்னச் சின்னத் தையலாக வராது. தடித்த நூலில் பெரிய தையலாகப் போடலாம், அல்லது கட்டத்தின் மூலைகளில் நூலால் முடிச்சுப் போட்டு நிறுத்திவிடலாம், மெஷினில் தைப்பதென்றால் பிரச்சினையே இல்லை. எடைக்கு ஒரு வழி, பஞ்சு விரிப்பையே விட்டுவிடுவது. பட்டைகள், அடித்துணி, பின்துணி மூன்றுமே போதுமான கனம் தரும், குளிர் இல்லாத காலத்துக்கு அது நல்ல போர்வை. கொஞ்சம் கதகதப்பு வேண்டுமென்றால் அடித்துணியாக ஃபிளானல் வைத்துப் பஞ்சைத் தவிர்க்கலாம்.

வெளிர் நிறப் பட்டைகளுக்காக அடித்துணி வெள்ளையாகவோ இள நிறமாகவோ இருக்கட்டும், பூப்போட்ட விரிப்பு வெளியே தெரியும். இதே போல, அடர் நிறப் பட்டைக்குப் பக்கத்தில் வெளிர் பட்டை வரும்போது அடர் நிறத்தின் தையல் ஓரம் வெளிர் பட்டைக்கு அடியில் நிழலாகத் தெரியும். விரிப்பதற்கு முன் அந்த அடர் ஓரத்தை மட்டும் ஒரு நூல் அகலம் குறைத்து வெட்டிவிட்டால் போதும், வெளிர் துணியின் ஓரமே அதை மூடிக்கொள்ளும். அடியில் என்ன வைத்தாலும் இது பொருந்தும்.

காகிதம் பழைய வழி. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1930களின் நெருக்கடிக் காலம் வரை செய்தித்தாளையும் விலைப்பட்டியல் புத்தகப் பக்கங்களையும் சதுரமாக வெட்டி அதன் மேல்தான் துண்டுத்துணிகளைத் தைத்தார்கள், அன்றைக்குக் கையில் காசு செலவழிக்காமல் கிடைத்தது அதுதான். முடிக்காமல் விட்ட பழைய கட்டங்களில் காகிதம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால், அதில் அச்சாகியிருக்கும் தேதியை வைத்து இதற்கு முன் தைத்திருக்க முடியாது என்று காலம் கணிக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த விஷயம், ஆனாலும் அதற்காகச் செய்தித்தாளைப் பயன்படுத்தச் சொல்ல மாட்டேன். இஸ்திரிச் சூட்டில் மை வெளிர் துணியில் ஏறிவிடும். அச்சிடாத வெறும் செய்தித்தாள் காகிதம் நல்லது, டிரேசிங் காகிதமும் சரி. பிரிண்டரில் போடும் 80 கிராம் காகிதம் கிழிக்கும்போது தையலையும் சேர்த்து இழுக்கும். பளபளப்பான பத்திரிகைத் தாள் வேண்டவே வேண்டாம்.

காகிதத்தின் மேல் தைக்கும்போது தையல் நீளத்தை ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைக்க வேண்டும், வழக்கமான இரண்டரையில் தைத்தால் காகிதம் சுலபமாகப் பிரியாது, பிரிக்கிற இழுப்பில் தையலும் தளரும். 90/14 ஊசி போட்டால் துளை பெரிதாக விழும், கிழிப்பது எளிது. ஆனால் காகிதம் ஊசியை மழுங்கடிக்கும், ஆகவே அதற்கென்று ஒரு ஊசியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், துணிக்கு மாறும்போது ஊசியையும் மாற்றுங்கள். பாபின் பகுதியைச் சுற்றி வெள்ளைத் தூள் சேரும், அடிக்கடி பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். நீராவி இல்லாமல் காய்ந்த இஸ்திரிதான் போட வேண்டும், இல்லாவிட்டால் காகிதம் சுருண்டு கட்டமே கோணிவிடும். சின்னத் தையலில் இன்னொரு சங்கடம், ஏதாவது பட்டையைப் பிரித்தெடுக்க நேர்ந்தால் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும்.

இவையெல்லாம் பழகிவிடும். கிழிப்பதுதான் பழகாது. தையலை ஒட்டிக் காகிதத்தை மடித்து நகத்தால் அழுத்தி, மறு கையின் பெருவிரலால் தையலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இழுக்க வேண்டும், பட்டைக்கு ஒரு கீற்று. மேலே சொன்ன கணக்குப்படி 850 கீற்றுக்கு மேல். தையல்கள் ஒன்றையொன்று நெருங்கும் இடத்தில் துணுக்குகள் சிக்கிக்கொள்ளும், அவற்றை இடுக்கியால் எடுக்க வேண்டும். எப்போது கிழிப்பது என்பதிலும் நிம்மதி இல்லை. கட்டங்களை இணைப்பதற்கு முன் கிழித்தால் கிராஸ் ஓரங்கள் நான்கும் பிடிமானம் இல்லாமல் இழுபடும், 8½ இன்ச் கட்டம் ஒரு பக்கம் கால் இன்ச் நீண்டுவிடும், அப்புறம் வரிசை வரிசையாக இணைக்கும்போது மூலைகள் சேராது. இணைத்த பிறகு கிழிக்கலாம் என்றால், இணைப்புத் தையலுக்குள் மாட்டிய காகிதத்தைச் சின்னச் சின்னதாக நோண்டி எடுக்க வேண்டும், முழு க்வில்ட்டையும் மடியில் போட்டுக்கொண்டு. நடுவழி ஒன்று உண்டு: நடுக் காகிதத்தை முன்பே எடுத்துவிட்டு, நான்கு ஓரங்களில் மட்டும் அரை இன்ச் காகிதத்தை விட்டு வைத்து இணைப்பது. காகிதத்தில் தைப்பதென்று முடிவு செய்தால் இதைத்தான் செய்யுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் காகிதத்தைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணங்கள் இரண்டு. ஒன்று, கையால் நெருக்கமாக க்வில்ட் தையல் போட வேண்டும் என்ற ஆசை. ஒரு அடுக்கு குறைவது ஊசிக்கு மிகப் பெரிய வித்தியாசம். இரண்டு, எட்டுக் கோணச் சிலந்திவலை போன்ற வடிவங்கள். அவற்றில் முக்கோணங்கள் நூல் பிசகாமல் சேர வேண்டும், காகிதத்தில் கோடு வரைந்து அதன் மேலேயே தைத்தால் கோணம் தப்பாது. சாதாரணச் சாய்வுக் கட்டத்துக்கு அந்தத் துல்லியம் தேவையே இல்லை.

நெய்யாத கேன்வாஸ், அதாவது உடைகளில் காலருக்கும் பட்டிக்கும் உள்ளே வைப்பதில் மிக மெல்லிய ரகம், இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கிழிக்க வேண்டாம், பெட்ஷீட் அளவுக்குக் கனமும் இல்லை, ஊடே பார்த்துக் கோடு வரையலாம். ஒட்டும் ரகத்தை வாங்காதீர்கள், பட்டைகளை ஒவ்வொன்றாக விரித்து இஸ்திரி போடும் வேலையில் அந்தப் பசை கண்ட இடத்தில் ஒட்டும். ஒட்டாத ரகமும் பெரும்பாலும் பாலியஸ்டர், பருத்திக்கு வைக்கும் சூட்டில் சுருங்கும். மடிப்பில் லேசாக ஒரு விறைப்பும் மொரமொரப்பும் மிஞ்சும், சுவரில் தொங்கவிடும் க்வில்ட்டுக்கு அது நல்லதுதான், போர்த்திக்கொள்ள எனக்குப் பிடிப்பதில்லை. மிஞ்சிய துணியைத் தீர்க்கும் வேலைக்குப் போய் மீட்டர் கணக்கில் புதுப்பொருள் வாங்குவதும் என் மனதுக்கு ஒவ்வவில்லை.

அடியில் எதுவும் இல்லாமல் தைப்பது பலர் நினைப்பதைவிட நல்ல வழி, பட்டைகள் அதற்கு ஏற்றவையாக இருந்தால். பெட்ஷீட், திரை தைத்து மிஞ்சிய நீளப் பட்டைகள், துணியின் கரையோரம் வெட்டியவை, 40 இன்ச்சும் அதற்கு மேலும் நீளமானவை, ஓரம் நேரானவை. இவற்றை நீளவாக்கில் ஒன்றோடொன்று தைத்து 8½ இன்ச் அகலத் தகடாக்கி, குறுக்கே 8½ இன்ச்சுக்கு ஒரு வெட்டு. 40 இன்ச் தகட்டில் நான்கு கட்டம், அதாவது ஒரே ஓட்டத்தில் நான்கு கட்டத்தின் தையல் முடிந்துவிடும். வேகத்தில் இதற்கு ஈடே கிடையாது. பட்டைகள் கட்டத்தின் ஓரத்துக்கு இணையாகவே ஓடுவதால் கிராஸ் தொல்லையும் இல்லை. ஒரு கட்டம் நெடுக்காக, அடுத்தது கிடையாக என்று மாற்றி மாற்றி அடுக்கினால் பின்னிய பாய் போல விழும். எடை குறைவு, கையால் தைக்கவும் சுகம்.

இதில் பார்க்க வேண்டியது வளைவு. எல்லாத் தையலையும் ஒரே முனையிலிருந்து தொடங்கினால் தகடு மெல்ல வில்லாக வளையும், ஏனென்றால் மெஷினின் பற்கள் கீழ்த்துணியை மேல்துணியைவிடக் கொஞ்சம் வேகமாக இழுக்கும். ஒரு தையலை மேலிருந்தும் அடுத்ததைக் கீழிருந்தும் தொடங்கினால் அது அடங்கிவிடும். இஸ்திரியைத் தள்ளித் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். ஆனால் உங்கள் பையில் இருப்பது ஏழு இன்ச்சும் பதினோரு இன்ச்சுமாக, ஓரம் கோணிய துண்டுகள் என்றால் இந்த வழிக்கு வராதீர்கள். முதலில் ஒவ்வொன்றையும் நேராக வெட்ட வேண்டும், ஏற்கெனவே ஒரு இன்ச் இருப்பது முக்கால் ஆகும், மேலே பார்த்த கணக்கில் அந்தக் கால் இன்ச் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

பஞ்சு விரிப்பின் மேலேயே நேரடியாகத் தைப்பது, அதாவது பின்துணி, பஞ்சு இரண்டையும் சதுரமாக வெட்டி வைத்துக்கொண்டு அவற்றின் மேல் பட்டைகளைக் கவிழ்த்துத் தைத்து விரிப்பது, பையில் இருப்பதைத் தீர்க்க மிகவும் ஆசை காட்டும் வழி. பட்டை இணைப்பும் க்வில்ட் தையலும் ஒரே நேரத்தில் முடிந்துவிடுகிறது, பின்பக்கம் சாய்வுக் கோடுகளாகத் தையல் விழுந்து அதுவும் அழகாக இருக்கிறது. பை, மேஜை விரிப்பு, மெத்தை உறை, சூடான பாத்திரம் பிடிக்கும் கைத்துணி போன்றவற்றுக்கு இதைவிட நல்லது இல்லை. கைத்துணிக்கு மட்டும் பருத்திப் பஞ்சுதான், பாலியஸ்டர் சூட்டில் உருகும். அதே காரணத்தால் பாலியஸ்டர் பஞ்சின் மேல் தைக்கும்போது இஸ்திரி வைக்காமல் நகத்தால் அழுத்தி விரித்துக்கொள்வது நல்லது. பெரிய க்வில்ட் என்று வந்தால்தான் சிக்கல், பஞ்சோடு சேர்ந்த தடித்த கட்டங்களை ஒன்றோடொன்று இணைக்க முன்னும் பின்னும் தனித்தனிப் பட்டைகள் வைத்துத் தைக்க வேண்டும், 72 கட்டத்துக்கு அது மேல்பகுதியைத் தைத்த நேரத்துக்குக் குறையாது. இருபது கட்டத்துக்குள் முடியும் பொருளென்றால் தாராளமாகச் செய்யலாம்.

துணி ரகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற ஊரைச் சுற்றியுள்ள பெண்கள் தங்கள் க்வில்ட்டுகளுக்காக உலகமெங்கும் அறியப்பட்டவர்கள். 1972இல் அங்கிருந்த ஃப்ரீடம் க்வில்டிங் பீ கூட்டுறவு, சியர்ஸ் என்ற அமெரிக்கக் கடை நிறுவனத்துக்காகக் கார்டுராய் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தம் பெற்றது. அந்த வேலையில் மிஞ்சிய கார்டுராய் துண்டுகளே வீடுகளில் க்வில்ட்டுகளாக மாறின. அவ்வளவு தடித்த துணி எப்படி ஒத்துவந்தது என்றால், பக்கத்தில் வந்ததும் கார்டுராய்தான். பக்கத்துப் பட்டைகள் ஒரே கனமாக இருந்தால் எந்தத் துணியும் ஒத்துப்போகும். ஜீன்ஸ் துணிக்குப் பக்கத்தில் வாயில் துணியை வைத்தால், துவைக்கத் துவைக்க ஜீன்ஸின் தையல் ஓரம் உள்ளிருந்து உரசி வாயிலைத்தான் முதலில் கிழிக்கும். அடித்துணி மெல்லியதைத் தாங்கும் என்றேன், ஆனால் இந்த உரசலிலிருந்து காப்பாற்றாது. தடித்தவற்றைத் தனியே பிரித்து, அடியில் எதுவும் இல்லாமல், இரண்டு இன்ச்சுக்கு மேல் அகலமானவற்றை மட்டும் வைத்து வேறொரு க்வில்ட் தைக்கலாம்.

எந்த வழியானாலும் ஒவ்வொரு கட்டத்திலும் நடுவில் ஒரே நிறப் பட்டை வைத்தால், கட்டங்களை இணைத்ததும் சாய்சதுர வலை ஒன்று எழுந்து, கலவையான நிறங்களையெல்லாம் ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடும். அந்த நடுப்பட்டை 8½ இன்ச் கட்டத்துக்குக் குறைந்தது 13 இன்ச் நீளம் வேண்டும், மிச்சத் துணியில் அவ்வளவு கிடைக்காது, அதற்கு மட்டும் ஒரு முழுத் துணியை ஒதுக்க வேண்டியிருக்கும். தகடாகத் தைக்கும் வழியில் இந்த வலை வராது, சாய்வுக்காகத் தகட்டை 45 பாகையில் வெட்டினால் பழைய கிராஸ் ஓரங்கள் திரும்பிவிடும், கஞ்சி போட்டு விறைப்பாக்கித்தான் சமாளிக்க வேண்டும். சாய்சதுர வலை வேண்டும் என்பவர்கள் அடித்துணிக்கே போய்விடுவது நல்லது.

பெரும்பாலான பைகளில் இரண்டு ரகமும் கலந்துதான் இருக்கும். கொட்டி, 20 இன்ச்சுக்கு மேல் (தகட்டில் இரண்டு கட்டமாவது வரும்) நீளமாகவும் நேராகவும் இருப்பவற்றை ஒரு குவியலாகவும் மற்றவற்றை இன்னொரு குவியலாகவும் பிரியுங்கள். முதல் குவியல் 4½ மீட்டருக்குச் சமமாகத் தேறினால் அது தகடு முறையில் தனி க்வில்ட்டாகட்டும், லேசாக, கையால் தைத்து. தேறாவிட்டால் நறுக்கி இரண்டாவது குவியலோடு சேர்த்துவிடுங்கள், எல்லாம் பழைய பெட்ஷீட்டின் மேல் ஏறட்டும். ஒரே க்வில்ட்டில் சில கட்டங்களுக்கு அடித்துணி வைத்து, சிலவற்றை வெறுமனே விட வேண்டாம். எடையும் மடிப்பும் இடத்துக்கு இடம் மாறும், துவைத்து எடுத்த பிறகு அடித்துணி இல்லாத கட்டங்கள் மட்டும் தொளதொளவென்று உப்பி நிற்கும்.